காணி வாங்க, விற்கத் தரகர் வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த சில வருடங்களில் மூன்று காணி விடயங்களில் முன்னுக்கு நின்றிருக்கிறேன். அம்மாவின் கொக்குவில் காணியை விற்றோம், கோண்டாவிலில் எங்களுக்கென்று ஒரு துண்டு வாங்கினோம், அப்புறம் ஒன்றுவிட்ட அண்ணா ரொறன்ரோவில் இருந்தபடியே மானிப்பாய் வீட்டை விற்றபோது இங்கே கச்சேரி, பதிவகம், பிரதேச சபை என்று ஓடித் திரிந்தது நான்தான். அன்றிலிருந்து சொந்தக்காரரும் சிநேகிதரும் காணி என்றால் எனக்குத்தான் போன் எடுக்கிறார்கள். எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் தரகரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. சட்டம் சம்பந்தமாக இங்கே சொல்பவற்றை உங்கள் நொத்தாரிசிடம், அதாவது காணி உறுதி (பத்திரம்) எழுதித் தருகிறவரிடம், இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

தரகர் கட்டாயம் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. சட்டம் கேட்பது நொத்தாரிசை. காணி கைமாறுவதென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற விதி. அதில் தரகர் என்று ஒரு ஆள் இல்லை. வாங்கப்போகிறவர் பக்கத்து வளவுக்காரர், மச்சான், கூடப் படித்தவர் என்றால் நேராக நொத்தாரிசிடம் போங்கள், நடுவில் ஆள் எதற்கு?

அப்படியென்றால் ஏன் எல்லாரும் தரகரிடம் போகிறார்கள்?

காணி விற்கிறோம் என்று வேலியில் மட்டை எழுதித் தொங்கவிட எங்கள் ஊரில் பலருக்கு விருப்பம் இல்லை. மகளின் கலியாணத்துக்கு விற்பார்கள், மகனை வெளியில் அனுப்ப விற்பார்கள், ஈடு வைத்த கடனை அடைக்க விற்பார்கள். "காணியை விக்கிற நிலைமைக்கு வந்திட்டினம்" என்று ஒழுங்கையில் கதை வருவதை யாரும் விரும்புவதில்லை. அதனால் நல்ல காணிகள் பல பேஸ்புக்கிலும் வராது, உதயன், வலம்புரி விளம்பரப் பக்கத்திலும் வராது. ஒரு தரகரின் காதில் மட்டும் போட்டுவைப்பார்கள். தரகருக்கு நாம் காசு கொடுப்பது இந்தக் காதுக்குத்தான்.

இன்னொரு காரணம் விலை பேசுவது. விற்கிறவரும் வாங்குகிறவரும் நேருக்கு நேர் இருந்தால் முகம் முறியும், சின்ன வார்த்தையில் விடயம் குழம்பும். அம்மாவின் காணிக்கு வந்தவர் முதல் நாளே "இந்தக் காணிக்கு இவ்வளவோ?" என்று கேட்டுவிட்டார், அம்மா உள்ளே போய் வெளியே வரவேயில்லை. தரகர்தான் இரண்டு கிழமை அங்கேயும் இங்கேயும் போய் அதைச் சரிக்கட்டினார்.

யாருக்குத் தரகர் உண்மையிலேயே பயன்படுவார்?

ஊரில் இல்லாதவர்களுக்கு, வாங்கப்போகும் பகுதியில் ஆட்களைத் தெரியாதவர்களுக்கு, குறுகிய காலத்தில் விற்க வேண்டியவர்களுக்கு. திருநெல்வேலி, கோண்டாவில், நல்லூர்ப் பக்கம் வாங்க ஆள் தேடி வரும், அங்கே விற்கிறவருக்கு அவ்வளவு அவசியம் இல்லை. தீவகத்திலோ, உள்ளே ஒதுங்கிய ஒரு தோட்டக் காணியோ என்றால் ஆளைப் பிடிக்கத் தரகர் இல்லாமல் கஷ்டம்.

நல்ல தரகரை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் பார்த்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாமவர் காரில் வந்தவர். திருநெல்வேலிப் பக்கம் ஒரு காணியை மாலை ஐந்தரைக்குப் பிறகு காட்டினார், கிணற்றடிக்குப் போக முன்னமே இருட்டிவிட்டது. "நாளைக்கு லண்டன்காரர் ஒராள் வாறார், இண்டைக்கே ஒரு அட்வான்சைப் போடுங்கோ" என்றார். நாங்களும் அவசரப்பட்டு ஒரு இலட்சம் ரூபாவை அவர் கையிலேயே கொடுத்தோம், ஒரு துண்டுக் கடதாசியில்தான் எழுதித் தந்தார். பிறகு பார்த்தால் காணியில் பாதி பிரான்சில் இருக்கும் தம்பியுடையது, விற்கிற கதையே அவருக்குத் தெரியாது. அந்தக் காசைத் திருப்பி எடுக்க ஐந்து மாதம் அலைந்தோம், முழுதாகக் கிடைக்கவும் இல்லை.

இரண்டாமவர் அறுபத்தைந்து தாண்டிய ஒரு ஐயா, சைக்கிளில் வருவார். இன்னொரு காணியைக் காட்டக் கூட்டிப்போனார். போனதும் சைக்கிளை வேலிக் கதியாலில் சாத்திவிட்டு முதலில் கிணற்றடிக்கு நடந்தார். வாளியை இறக்கி, தண்ணீரை மேலே எடுத்து, என் கையில் ஊற்றி "குடிச்சுப் பாரும் பிள்ளை" என்றார். நாக்கில் உவர்ப்புத் தட்டியது. "இது ஆவணி. மழை பெய்தால் கொஞ்சம் குறையும், ஆனால் போகாது. நீர் வீடு கட்டி இருக்கப்போற ஆள், இது வேண்டாம்" என்றார். அன்று அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நாங்கள் அந்தக் காணியை வாங்கியிருப்போம், அவருக்குத் தரகுக் காசும் கிடைத்திருக்கும். கோண்டாவில் காணியைக் கடைசியில் அவர் மூலம்தான் எடுத்தோம்.

ஆகவே நான் முதலில் கவனிப்பது, ஆள் தானாக ஒரு குறையைச் சொல்கிறாரா என்பதை. எந்தக் காணியிலும் ஏதோ ஒரு குறை இருக்கும்: ஒழுங்கை ஒடுக்கம், மாரியில் தண்ணீர் நிற்கும், வடக்கு வேலியில் பழைய சண்டை. மூன்று காணி காட்டி மூன்றையும் "அருமையான காணி" என்றால் அவரிடமிருந்து உங்களுக்கு ஒரு தகவலும் வரப்போவதில்லை. அடுத்தது, அவர் அந்தப் பகுதி ஆளா என்பது. பருத்தித்துறையில் நன்றாகத் தொழில் செய்கிறவருக்கு மானிப்பாய்க் காணியின் பங்காளிச் சண்டை தெரிய வழியில்லை. பிறகு, அவர் மூலம் காணி எடுத்த இரண்டு பேரின் விபரம் கேளுங்கள், போனில் கதைப்பதோடு நிற்காமல் ஒருவரையாவது போய்ப் பாருங்கள். உறுதி முடிந்து ஒரு வருடமான ஆள் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவார்.

கிராம அலுவலரிடமும் விசாரிக்கலாம், பழைய ஆட்கள் இப்போதும் விதானையார் என்பார்களே, அவரிடம்தான். அவர் தரகரைப் பற்றி நேராக ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் பெயரைச் சொன்னதும் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

நொத்தாரிசுக்குப் பதிவு இருக்கிறது, நில அளவையாளருக்கு உரிமம் இருக்கிறது. தரகரிடம் அப்படி ஒன்றைக் கேட்டுப் பார்க்கும் வழக்கமே எங்களிடம் இல்லை. அதனால்தான் விசாரிக்கும் பாரம் முழுக்க எங்கள் தலையில் விழுகிறது.

தரகர் ஒருவர் ஒரு காணியைக் காட்டினார், இன்னொருவர் அதே காணியை வேறு விலைக்குச் சொல்கிறார். இது எப்படி?

தரகருக்குத் தரகர் இருப்பதால்தான். சொந்தக்காரர் ஒருவரிடம் சொல்கிறார், அவர் தன் கூட்டாளியிடம் சொல்கிறார், அவர் வட்ஸ்அப் குழுவில் போடுகிறார், அதைப் பார்த்த நான்காவது ஆள் இக்மன் விளம்பரத் தளத்தில் போடுகிறார். ஒவ்வொருவரும் தன் பங்கை ஏற்றிச் சொல்ல விலை ஏறிக்கொண்டே போகும். அண்ணாவின் மானிப்பாய் வீட்டின் படத்தை, அவர் சொல்லாத ஒரு விலையோடு, முன்பின் தெரியாத ஒருவர் போட்டிருந்ததை நானே பார்த்தேன். வாங்குகிறவர் கேட்க வேண்டியது, "சொந்தக்காரரோடு நேரே கதைச்ச ஆள் நீங்கள்தானா? எப்போ என்னை அவரிடம் கூட்டிக்கொண்டு போவீங்கள்?" என்பதுதான். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றால் அவர் நான்காவது ஆளாகத்தான் இருப்பார்.

விற்கும்போது ஒரு தரகரிடம் கொடுப்பதா, பல பேரிடமா?

நான் ஒருவரிடம் மூன்று மாதத்துக்குக் கொடுப்பேன். ஐந்து பேரிடம் கொடுத்தால் காணி ஊர் முழுக்க அடிபட்டு, "இது கன நாளாய் விலைப்படாமல் கிடக்கு, ஏதோ வில்லங்கம்" என்ற பெயர் வந்துவிடும். அது வந்தபிறகு விலை இறங்கும். மூன்று மாதத்தில் ஒரு நல்ல ஆளும் வரவில்லை என்றால் நன்றி சொல்லி அடுத்தவரிடம் போகலாம்.

தரகுக் காசு எவ்வளவு? யார் கொடுப்பது?

இங்கே பேச்சில் அடிபடுவது இரண்டு வீதம், மூன்று வீதம். சிலர் விற்கிறவரிடம் மட்டும் எடுப்பார்கள், சிலர் இரண்டு பக்கமும் எடுப்பார்கள். இரண்டு பக்கமும் எடுப்பதைக் குறை சொல்லமாட்டேன், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒளித்து எடுத்தால்தான் பிரச்சினை, ஏனென்றால் அவர் விலை பேசும்போது யாருடைய ஆளாகப் பேசுகிறார் என்பதே தெரியாமல் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பரப்பு (எங்கள் காணி அளவு, ஏக்கரில் பதினாறில் ஒன்று) 40 இலட்சம் என்று வைத்தால் இரண்டு பரப்பு 80 இலட்சம், அதில் மூன்று வீதம் 2 இலட்சத்து 40 ஆயிரம். வாங்குகிறவருக்கு இதைவிட முத்திரைத் தீர்வையும் இருக்கிறது, வழக்கமான கணக்கில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், 80 இலட்சத்துக்கு 3 இலட்சத்து 19 ஆயிரம். அதற்கு மேல் நொத்தாரிசு கூலி, அளவையாளர் கூலி, பதிவுச் செலவு. காணி விலையை மட்டும் மனதில் வைத்துக் காசு சேர்த்தவர்கள் கடைசிக் கிழமையில் நகையோடு வங்கிக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். விற்கிறவருக்கும் மூலதன ஆதாய வரி வரலாம், 2018 ஏப்ரலில் இருந்து அது திரும்ப நடைமுறையில் இருக்கிறது. வீதம் மாறிக்கொண்டிருப்பதால் விலை பேச முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்.

காசை உறுதி முடிகிற அன்று, நொத்தாரிசு அலுவலகத்தில், கையெழுத்து வைத்தபிறகு கொடுங்கள். முன்னமே "பெற்றோல் காசு" என்று கொஞ்சம் கேட்டால் கொடுப்பதில் தப்பில்லை, அலைகிற ஆளுக்குச் செலவு இருக்கும். அது கடைசிக் கணக்கில் கழிபடுமா இல்லையா என்பதை மட்டும் அப்போதே பேசிவிடுங்கள்.

"எனக்குக் கையில இவ்வளவு வந்தால் போதும், மேல வாறது உங்களுக்கு" என்று தரகரிடம் சொல்லலாமா?

தயவுசெய்து சொல்லாதீர்கள். கேட்க இலேசாக இருக்கும், வெளிநாட்டில் இருப்பவர்கள் அலைச்சல் இல்லை என்று இதற்குத்தான் விழுவார்கள். அப்படிச் சொன்ன நிமிடத்திலிருந்து வாங்குகிறவர் உங்களைச் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதுதான் தரகரின் வேலையாகிவிடும். மேலே வரும் காசு உறுதியில் எப்படி எழுதப்படும் என்ற வில்லங்கமும் உண்டு. நல்ல விலை எடுத்துத் தந்தால் கூடக் கொடுக்க விருப்பமா? இந்த விலைக்கு மேல் போனால் நான்கு வீதம் என்று பேசுங்கள். அவருக்கும் உற்சாகம் இருக்கும், விலையும் வெளிச்சத்தில் இருக்கும்.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதினால் தீர்வை மிச்சம் என்கிறார் தரகர்.

வேண்டாம். குறைத்து எழுதியது பிடிபட்டால் கட்டாமல் விட்ட தீர்வையைக் காணி வாங்கியவரிடம்தான் கேட்பார்கள், அந்த நேரம் தரகர் பக்கத்தில் இருக்கமாட்டார். நாளைக்கு நீங்கள் அந்தக் காணியை விற்கும்போது வாங்கிய விலை என்று காட்ட அந்தக் குறைந்த தொகைதான் கடதாசியில் இருக்கும், ஆதாயம் பெரிதாகத் தெரியும், வரியும் அதற்கேற்றபடி வரும். ஏதாவது குழம்பிக் காசைத் திருப்பிக் கேட்க வேண்டி வந்தாலும் இதே கதைதான்.

தரகர் "உறுதி எல்லாம் கிளியர்" என்கிறார். போதுமா?

போதாது. இதைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

ஆளைத் தேடும் வேலையையும் விலை பேசும் வேலையையும் தரகரிடம் விடுங்கள். உறுதி பார்க்கும் வேலையை அவரிடம் விடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. உறுதி முடிந்தால்தான் அவருக்குக் காசு. முடியக்கூடாத காரணத்தைத் தேடும் வேலையை அந்த ஆளிடம் கொடுப்பது அவருக்கே நியாயமில்லாத சுமை. தரகர் கூட்டிவரும் நொத்தாரிசையும் நான் எடுக்கமாட்டேன். அவர் கெட்டவர் என்பதற்காக இல்லை, எனக்காக மட்டும் பார்க்கிற ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக.

எங்கள் பக்கத்து உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். காணிக்கு ஒரு பெயர் இருக்கும், எத்தனை பரப்பு எத்தனை குழி என்று இருக்கும், பிறகு நான்கு எல்லை: கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் பெண்சாதி இன்னாரின் காணி, மேற்கு இன்னார் மகன் இன்னார் என்று. அந்த இன்னார்கள் இறந்து நாற்பது வருடம் ஆகியிருக்கும், அவர்களின் பேரப்பிள்ளைகள் நான்கு நாட்டில் இருப்பார்கள். கடைசியில் "கிணற்றில் ஆறில் ஒரு பங்கும், வழி வாய்க்காலில் உள்ள பங்கும்" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியால் எத்தனை குடும்பம் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. தனிக் கிணறு என்று தரகர் காட்டியது உறுதியில் பங்குக் கிணறாக இருக்கலாம்.

அதனால் நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தோம்பு (காணி யார் யாரிடம் கைமாறியது என்ற பதிவேடு) பார்க்க வேண்டும். குறைந்தது 30 வருடத்துக்குப் பின்னால் போவது வழக்கம். யாழ்ப்பாணத்தில் அந்தக் காலம் இடப்பெயர்வுக்குள்ளே போகிறது: 1990 இல் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பியது, 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே எழும்பியது. உறுதிகள் தொலைந்தன, ஆட்கள் இறந்தார்கள், முதுசக் காணிகள் எழுதாமல் கொள்ளாமல் அப்படியே கிடந்தன. தோம்பில் ஈடு இருக்கிறதா, ஒற்றி இருக்கிறதா, ஒரே காணி இரண்டு பேருக்கு எழுதப்பட்டிருக்கிறதா, விற்கிறவருக்கு வந்தது சீதனமா நன்கொடையா, யாருக்காவது சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்திருக்கிறார்களா, எல்லாம் பார்க்க வேண்டும். முடிந்தவுடன் உங்கள் உறுதியையும் தாமதிக்காமல் பதிய வேண்டும், பதிவில் முந்தியவருக்கே சட்டம் முன்னுரிமை கொடுக்கிறது.

அளவையாளரையும் நீங்களே பிடியுங்கள். பழைய உறுதியில் இரண்டு பரப்பு என்று இருப்பது அளந்தால் ஒன்றே முக்கால் ஆகலாம். ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். கால் பரப்புக் குறைந்தால் மேலே சொன்ன விலையில் 10 இலட்சம் போய்விட்டது.

பக்கத்து வளவுக்காரருக்குத்தான் முதல் உரிமை, அவரிடம் கேட்காமல் வாங்க முடியாது என்கிறார்களே?

இது பழைய கதை. எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையில் முன்கொள்வனவு உரிமை என்று ஒன்று உண்டு, ஆனால் 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதை இரண்டு சாராருக்குச் சுருக்கிவிட்டது: காணியில் உடன்பங்கு உள்ளவர்கள், மற்றது விற்கிறவர் உயில் எழுதாமல் இறந்தால் உரித்தாளிகளாக வரக்கூடியவர்கள். வெறுமனே வேலிப் பக்கத்தில் இருப்பவருக்கு இல்லை. ஆனால் பங்காளிக்கு இருக்கிறது என்பதைச் சில தரகர்கள் சொல்லாமல் விடுவார்கள். விற்கிறவரின் தம்பி இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்து "எனக்கு அறிவிக்கவேயில்லை" என்று வழக்குப் போட்டால் சிக்குப்படுவது நீங்கள். சட்டப்படி அறிவித்தல் கொடுத்தாரா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள்.

விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட கலியாணம் கட்டிய பெண் என்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை, அது அந்தப் பெண்ணின் சொந்தச் சீதனக் காணியாக இருந்தாலும்கூட. 1911 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எனக்கு இது துளியும் பிடிக்கவில்லை. ஆனால் சட்டம் இருக்கும்வரை சம்மதம் இல்லாமல் வாங்கினால் உறுதி ஆட்டம் காணும். கணவர் காரணமில்லாமல் மறித்தால் அந்தப் பெண் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம்.

நான் கனடாவில் இருக்கிறேன் அக்கா. தரகருக்கே அற்றோணித் தத்துவம் (என் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) கொடுத்துவிட்டால் எல்லாம் அவர் பார்ப்பாராமே?

கொடுக்காதீர்கள் தம்பி. விற்கிறவர், விலை பேசுகிறவர், கையெழுத்து வைக்கிறவர், காசு வாங்குகிறவர் எல்லாம் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. அற்றோணி கூடப்பிறந்த ஒருவருக்கோ பெற்றோருக்கோ கொடுங்கள், அதிலும் "என் ஆதனங்கள் எல்லாவற்றையும்" என்று இல்லாமல் இந்த ஒரு காணியை, இந்த விலைக்குக் குறையாமல் என்று எழுதுங்கள். காசு உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரே வருகிற மாதிரிப் பேசுங்கள்.

வாங்குகிறவர் பக்கமாக இருந்தால், அற்றோணித் தத்துவம் கொடுத்த சொந்தக்காரர் இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் அதோடு முடிந்தது. வீடியோ அழைப்பில் ஒரு தடவையாவது அவரோடு கதையுங்கள்.

இன்னொன்று: வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்குக் காணி எழுதுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது, சில விலக்குகள் உண்டு. இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் வாங்கலாம், பெற்றோரிடமிருந்து உரித்தாக வருவதற்கும் தடையில்லை. "அதெல்லாம் சமாளிக்கலாம், வேறொரு ஆளின் பெயரில் எழுதுவம்" என்று சொல்லும் தரகரிடமிருந்து விலகிவிடுங்கள். யாருடைய பெயரில் உறுதியோ அவருடையதுதான் காணி.

காணியில் ஒரு குடும்பம் இருக்கிறது, "உறுதி முடிஞ்சதும் எழுப்பித் தாறன்" என்கிறார் தரகர்.

எழுப்பிய பிறகு முடிப்போம் என்று சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு மேல் சொந்தக்காரரின் உரிமைக்கு எதிராகக் காணியை ஆண்டு அனுபவித்தவர் உரிமை கோர 1871 ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர்கள் காவலுக்கு இருந்தவர்களா, வாடகைக்கா, உரிமை கொண்டாடுகிறவர்களா என்பது தரகர் தீர்மானிக்கும் விடயம் இல்லை. அந்தக் குடும்பத்தோடு நீங்களே போய் மரியாதையாக ஒரு முறை கதையுங்கள், பாதி விடயம் அங்கேயே வெளிக்கும். அவர்களும் போக இடமில்லாத சனமாக இருக்கலாம்.

அட்வான்சை யாரிடம் கொடுப்பது?

சொந்தக்காரரிடம், காசோலையாக அல்லது வங்கி மூலம், நொத்தாரிசு எழுதிய உடன்படிக்கையோடு. எவ்வளவு, எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும், தோம்பில் பிழை வந்தால் திருப்பித் தர வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். தரகர் கையில் ஒரு ரூபாவும் வேண்டாம், எங்கள் ஒரு இலட்சம் போன வழி மேலே எழுதியிருக்கிறேன்.

காணி பார்க்கப் போகும்போது தரகரிடம் என்ன கேட்க வேண்டும்?

தண்ணீரைத்தான் முதலில். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணீர்தான் கிணற்றில் வருகிறது. கரையோரத்திலும் தீவகத்திலும் உவர், செம்பாட்டுத் தோட்டப் பக்கம் உரம் இறங்கியிருக்கும், சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை 2014, 2015 இல் பெரிதாக வெடித்தது. வாயில் வைத்துப் பார்ப்பதோடு நிற்காமல் ஒரு போத்தல் தண்ணீரைப் பரிசோதனைக்கும் கொடுங்கள். ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றுமா என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

அடுத்தது வெள்ளம். கோடையில் காட்டிய காணியைக் கார்த்திகை மழையில் திரும்பப் போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் 2008 நவம்பரில் நிஷா புயலுக்கு அந்த ஒழுங்கையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேளுங்கள், கையை வைத்து மதிலில் அளவு காட்டுவார்கள்.

ஒழுங்கை அகலத்தைக் கையோடு அளந்துகொள்ளுங்கள். கல், மண் ஏற்றிய லொறி உள்ளே வராவிட்டால் வீடு கட்டும் செலவு எங்கேயோ போய்விடும். பெரிய காணியைத் துண்டாக்கி விற்கிறார்கள் என்றால் பிரதேச சபையோ மாநகர சபையோ அந்தப் பிரிப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா, புதிய பாதை வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தரகரோடு எழுதி ஒப்பந்தம் போட வேண்டுமா? ஊரில் அப்படி வழக்கம் இல்லையே.

வழக்கம் இல்லைதான். ஆனால் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புவதற்கு யாரும் கோபிக்கமாட்டார்கள். "ஐயா, இன்று பேசியபடி மூன்று மாதம், இரண்டு வீதம், உறுதி முடிந்த அன்று, எங்கள் பக்கம் மட்டும்" என்று அனுப்பினால் அவர் "ஓம்" என்று போடுவார். எங்கள் சைக்கிள் ஐயா குரல் பதிவாகத்தான் பதில் அனுப்பினார், அதுவும் போதும்.

தரகர் காட்டிய காணியை அவருக்குத் தெரியாமல் நேரே பேசி வாங்கலாமா?

செய்யாதீர்கள். ஆளை அறிமுகப்படுத்தியவர் அவர். அவருடைய மூலதனம் முழுக்க அந்த ஒரு தகவல்தான், அதை எடுத்துக்கொண்டு காசை மறுப்பது களவு. அவர் காட்டி ஒரு வருடத்துக்குப் பிறகு, வேறு வழியில், வேறு விலையில் முடிந்தாலும் ஏதாவது கொடுப்பதுதான் முறை என்று நான் நினைக்கிறேன்.

வாடகை வீட்டுக்கும் தரகர் வேண்டுமா?

பல்கலைக்கழகம், வைத்தியசாலைப் பக்கம் என்றால் தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள், கிடைக்கும். அவசரம் என்றால் மட்டும் தரகர், ஒரு மாத வாடகையளவு கேட்பார்கள், அரை மாதத்துக்குப் பேசிப் பாருங்கள்.

உறுதி முடிந்ததும் தரகரின் வேலை முடிந்ததா?

காசு வாங்கியதும் போனை எடுக்காதவர்கள் உண்டு. நல்ல ஆள் இன்னும் இரண்டு, மூன்று நாள் வருவார். அந்தச் சைக்கிள் ஐயா உறுதி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, அளவையாளர் போட்ட கல் நான்கையும் எங்களுக்குக் காட்டி, வடக்கு வேலிக்கார அம்மாவைக் கூப்பிட்டு "இவைதான் இனி உங்கட அயல்" என்று சொல்லிவிட்டார். வேலி அடைக்கும்போது ஒரு கதியாலை எந்தப் பக்கம் நடுவது என்று வந்த சின்னப் பிணக்கு அந்த ஒரு அறிமுகத்தால் தேத்தண்ணியோடு முடிந்தது. சோலைவரிப் (ஆதனவரி) பெயரை மாற்றப் பிரதேச சபைக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும், மின்சாரப் பட்டியலை யாருடைய பெயருக்கு எழுதிக் கொடுப்பது என்பதையும் அவர்தான் சொல்லித் தந்தார். பேசிய காசை அன்றே முழுதாகக் கொடுத்திருந்தோம். அவர் போகும்போது அம்மா வேட்டி ஒன்றும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்துவிட்டார்.